வடகனடாவின் ஊர்ப்புற மருத்துவ ஆய்வுக்குப் புதியவர்களைப் பயிற்றுவித்தல்: முழுமையான வழிகாட்டி

கனடாவின் வடபகுதியிலும் பெருநகரங்களிலிருந்து தொலைவிலுள்ள ஊர்களிலும் மருத்துவச் சேவை எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய முன்வரும் மாணவர்களையும், அவ்வூர்களிலேயே பணியாற்றிக்கொண்டு ஆய்வு கற்க விரும்பும் செவிலியர்களையும் பயிற்றுவிக்கும் மேற்பார்வையாளர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர்களும் படிக்கலாம், மேற்பார்வையாளரிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கும்.

நான் அருகிலிருந்து பார்த்தவரை, தடுமாறிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே. செய்ய வேண்டிய எல்லாமே செய்யப்பட்டிருந்தன; வரிசைதான் மாறியிருந்தது. ஊரைக் கேட்பதற்கு முன்பே ஆய்வுக் கேள்வி எழுதப்பட்டிருந்தது. நோயாளி எங்கே அனுப்பப்படுகிறார் என்று தெரிவதற்கு முன்பே மருத்துவமனைத் தரவு கேட்கப்பட்டிருந்தது. ஆறு எப்போது உறையும் என்று விசாரிப்பதற்கு முன்பே விமானச் சீட்டு வாங்கப்பட்டிருந்தது. ஆகவே கீழுள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஓர் ஊருடனோ வட்டார நலவாழ்வு அமைப்புடனோ மேற்பார்வையாளருக்கு ஏற்கெனவே இருக்கும் உறவு. இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்குள் மாணவர் ஒருவர் அதைப் புதிதாக உருவாக்கிவிட முடியாது. உங்களுக்கு அத்தகைய உறவு இல்லையெனில், அது உள்ள ஒருவரை இணை மேற்பார்வையாளராகச் சேர்த்த பிறகே மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பணம். நுனாவுட் ஆட்சிப்பகுதியின் 25 ஊர்களில் எதற்கும் இன்னோர் ஊரிலிருந்து சாலை கிடையாது. ஆண்டு முழுவதும் விமானம்தான். வடக்கு ஒன்டாரியோவிலும் மானிடோபாவிலும் பல முதற்குடி (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் பூர்வகுடி மக்கள்) ஊர்களுக்குக் குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டுமே பனிச்சாலை திறந்திருக்கும். மாணவர்களின் களப்பயணச் செலவுக்குக் கனடிய அரசின் வடபுல அறிவியல் பயிற்சித் திட்டம் உதவுகிறது. ஆனால் அது துணைத்தொகை மட்டுமே. இரண்டு பயணங்களுக்கும், வானிலையால் கூடுதலாகத் தங்க நேரும் நாட்களுக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், முடிவுகளைச் சொல்லத் திரும்பிச் செல்லும் பயணத்துக்கும் முதல் நாளிலேயே தொகை ஒதுக்குங்கள். கடைசியில் சொன்ன பயணத்துக்குப் பணமில்லாமல் போவதே நான் அதிகம் கண்ட குறை.

மூன்றாவது, இரண்டு இணையவழிப் பயிற்சிகள். மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுக்கான கூட்டாட்சி அறநெறிக் கொள்கையான டிசிபிஎஸ் 2-இன் ‘கோர்’ பயிற்சி ஒன்று. முதற்குடிகளின் தரவு பற்றிய ‘ஓகாப்’ கோட்பாடுகளின் அடிப்படைப் பயிற்சி மற்றொன்று. சான்றிதழ் வாங்கியதோடு நிறுத்தாமல், பூர்வகுடி மக்களை உட்படுத்தும் ஆய்வு பற்றிய டிசிபிஎஸ் 2-இன் 9ஆம் அதிகாரத்தை மாணவருடன் உட்கார்ந்து பத்தி பத்தியாகப் படியுங்கள்.

1. ஆய்வுக் கேள்வியை ஊரிலிருந்து பெறுதல்

மாணவர் தம் கேள்வியோடு வருவார், வரட்டும். அதை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு, ஊரின் நலவாழ்வு இயக்குநருக்கு ஒரே கேள்வி கொண்ட கடிதம் எழுதச் சொல்லுங்கள்: “இந்த ஆண்டு உங்களுக்கு விடை தெரிய வேண்டிய விஷயம் எது?”

இந்தப் படிக்குக் காரணம் மரியாதை மட்டுமன்று. வெளியூர் மாணவர் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்க நினைப்பார். ஊருக்கு அது ஏற்கெனவே தெரியும். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டிய நோயாளி, செவிலியர்களே நடத்தும் ஊர் மருத்துவ நிலையமான செவிலியர் நிலையத்தில் ஆள் மாறும்போதெல்லாம் ஏன் விடுபட்டுப் போகிறார் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருக்கும். அந்தக் கேள்வி சிறியதாகத் தோன்றலாம்; ஆனால் விடை கிடைத்தால் அடுத்த மாதமே பயன்படும், தரவு கொடுக்கவும் ஊர் முன்வரும்.

பொதுவான பிழை: கேள்வியை முடிவு செய்துவிட்டு, ஆதரவுக் கடிதம் மட்டும் கேட்டு அனுப்புவது. மானிய விண்ணப்பத்தின் கெடு தேதிக்கு மூன்று நாள் முன்பு இத்தகைய கடிதம் கேட்கப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்கு ‘இல்லை’ என்று பதில் வருவது அரிது, பதிலே வராது.

2. ‘ஊர்ப்புறம்’, ‘வடக்கு’ ஆகிய சொற்களை வரையறுத்தல்

இந்தப் படியை மாணவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பிறகு அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள். கனடாவின் புள்ளியியல் துறையே ஒன்றுக்கு மேற்பட்ட வரையறைகளைப் பயன்படுத்துகிறது. ஒன்றின்படி, குறைந்தது 1,000 பேரும் சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தியும் உள்ள இடங்களுக்கு வெளியே இருப்பதெல்லாம் ஊர்ப்புறம். மற்றொன்றின்படி, பெருநகர வட்டாரங்களுக்கும், 10,000 பேருக்குக் குறையாத மையத்தைக் கொண்ட நகர வட்டாரங்களுக்கும் வெளியே உள்ளவை ஊர்களும் சிறு நகரங்களும். ஒன்டாரியோ மாகாணம் தனியாக 0 முதல் 100 வரை செல்லும் ஊர்ப்புறக் குறியீடு ஒன்றை வைத்திருக்கிறது. அஞ்சல் குறியீட்டின் இரண்டாம் இடத்தில் சுழியம் இருந்தால் ஊர்ப்புறம் என்று கொள்ளும் எளிய வழியும் உண்டு.

தண்டர் பே நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்நகரம், எந்த வரைபடத்தில் பார்த்தாலும் வடக்கு ஒன்டாரியோதான். ஆனால் மேலே சொன்ன வரையறைகளில் அது ஊர்ப்புறம் ஆகாது. ‘ஊர்ப்புற, வடபுல நோயாளிகள்’ என்று ஒரே மூச்சில் எழுதும் மாணவர், தண்டர் பேயில் மருத்துவமனைக்கு நடந்து செல்பவரையும், விமானத்தில் அதே மருத்துவமனைக்கு வந்து சேர்பவரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்.

பயிற்சியாக, ஒரே தரவை இரண்டு வரையறைகளின்படி கணக்கிட்டு, விடை எவ்வளவு மாறுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதன்பின் அவர் தேர்ந்தெடுக்கும் வரையறைக்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுத வேண்டும். அந்தப் பத்தி இல்லாமல் மூன்றாம் படிக்கு அனுப்பாதீர்கள்.

3. நோயாளி செல்லும் வழியை வரைதல்

இந்த வழிகாட்டியில் ஒரு படிக்கு மட்டும் நேரம் ஒதுக்க முடியுமென்றால் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு பெரிய தாளை விரித்து, மாணவர் ஆராயப்போகும் நோய் உள்ள ஒருவர் முதல் அறிகுறியிலிருந்து சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வரை எங்கெங்கே செல்கிறார், ஒவ்வோர் இடத்திலும் அவரைப் பற்றிய பதிவு யாரிடம் தங்குகிறது என்பதை வரையச் சொல்லுங்கள்.

மாகாண எல்லையும் நோயாளியின் வழியும் ஒத்துப்போவதில்லை. நுனாவுட்டின் கிவாலிக் வட்டாரத்திலிருந்து உயர் சிகிச்சைக்காகச் செல்பவர் மானிடோபாவின் வின்னிபெக் நகருக்குப் போகிறார். கிகிக்டாலுக் வட்டாரத்தவர் இக்காலுயிட் வழியாக ஒட்டாவாவுக்கு. கிட்டிக்மியோட் வட்டாரத்தவர் யெல்லோநைஃபுக்கும் அங்கிருந்து எட்மன்டனுக்கும். ஒரே ஆட்சிப்பகுதி மக்களின் மருத்துவமனைப் பதிவுகள் இவ்வாறு பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. நுனாவுட்டின் தரவை மட்டும் கேட்டு வாங்கியவரின் கையில் இருப்பது பாதிக் கதை.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரசவம் பற்றி ஆராய்ந்த மாணவி, விமானத்தால் மட்டுமே செல்லக்கூடிய ஐந்து ஊர்களின் பட்டியலை எடுத்து, பிரசவம் நடந்த இடத்தை வைத்துத் தேடினார். ஐந்து ஊர்களுக்கும் சேர்த்து மூன்றாண்டுகளில் இரண்டே பிறப்புகள் என்று அட்டவணை வந்தது. தரவு கெட்டுப்போயிருக்கிறது என்று மென்பொருளைச் சரிபார்ப்பதில் பத்து நாட்களைச் செலவிட்டார். அத்தகைய ஊர்களிலிருந்து கர்ப்பிணிகள் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே நகரத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே விடுதியில் தங்கிக் காத்திருக்கிறார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. தாயின் இருப்பிடத்தை வைத்துத் தேடியபோது பிறப்புகள் அனைத்தும் வந்தன. வழியை முதலில் வரைந்திருந்தால் ஒரு பிற்பகலில் தெரிந்திருக்கும்; பயிற்றுவித்த என் குறை அது.

இதன் மறுபக்கமும் உண்டு. வடமேற்கு ஒன்டாரியோவின் சூ லுக்அவுட் நகரில் சுமார் 5,800 பேர் வாழ்கிறார்கள். ஆனால் அங்குள்ள மருத்துவமனை வடக்கே பரந்து கிடக்கும் பல முதற்குடி ஊர்களுக்கும் சேர்த்துப் பணியாற்றுகிறது. மருத்துவமனை வருகைகளை நகரின் மக்கள்தொகையால் வகுத்தால், அந்நகர மக்கள் அனைவரும் தீரா நோயாளிகள் என்று தோன்றும். மேலே எண்ணப்படுவோர் எந்த மக்கள்திரளைச் சேர்ந்தவர்களோ அந்த மக்கள்திரளே கீழே வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும் என்பதை வரைபடத்திலேயே குறிக்கப் பழக்குங்கள்.

4. அனுமதிகளை உரிய வரிசையில் பெறுதல்

வரிசை இது: ஊரின் ஒப்புதல், பல்கலைக்கழக அறநெறிக் குழு, ஆய்வு உரிமம், தரவு வைத்திருக்கும் அமைப்பின் அனுமதி. பல்கலைக்கழகக் குழுவை முதலில் அணுகினால், அவர்கள் ஏற்றுக்கொண்ட திட்டத்தை ஊர் திருத்தச் சொல்லும்போது மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க நேரிடும். அல்லது, இதைவிட மோசமாக, திருத்தம் கேட்ட ஊரிடம் “இனி மாற்ற முடியாது” என்று சொல்ல நேரிடும்.

ஊரின் ஒப்புதல் யாரிடமிருந்து வர வேண்டும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். முதற்குடி ஊர்களில் பெரும்பாலும் தலைவரும் ஊர்க்குழுவும் இயற்றும் தீர்மானம் தேவைப்படும். சில இடங்களில் தனி ஆய்வுக் குழுவோ எழுதப்பட்ட நெறியோ இருக்கிறது. ஒன்டாரியோவின் மானிட்டூலின் தீவில் ஆய்வு மறுபார்வைக் குழு ஒன்று உண்டு, கியூபெக்கின் கானவாகேயில் 1994இல் தொடங்கிய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் தனக்கென ஆய்வு நெறிக்கோவையை வைத்திருக்கிறது. மாணவர் அதைத் தேடிப் படித்த பிறகே தம் திட்டத்தை எழுத வேண்டும்.

உரிமம் மூன்று ஆட்சிப்பகுதிகளிலும் சட்டப்படி கட்டாயம். வடமேற்கு ஆட்சிப்பகுதியில் அரோரா ஆய்வு நிறுவனமும், நுனாவுட்டில் நுனாவுட் ஆய்வு நிறுவனமும் வழங்குகின்றன; யூகானுக்குத் தனிச் சட்டம் உண்டு. நுனாவுட்டுக்கான விண்ணப்பத்தில் எளிய மொழியிலான சுருக்கத்தை, இனுயிட் பூர்வகுடி மக்களின் மொழியான இனுக்டிடுட்டில் மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டியிருப்பதால், மொழிபெயர்ப்புக்கான வாரங்களையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒன்டாரியோ, மானிடோபா போன்ற மாகாணங்களின் வடபகுதியில் இத்தகைய உரிமம் கிடையாது. அதனால் அங்கே அனுமதியே தேவையில்லை என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். ஊரின் ஒப்புதல் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

இன்னொரு பிழையையும் இங்கேயே திருத்திவிடுங்கள். உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கையும் குறிக்கும் ஓகாப் கோட்பாடுகள் முதற்குடிகளுக்கு உரியவை; இனுயிட் மக்கள் அவர்களில் சேராத தனிப் பூர்வகுடியினர். இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தப்பிரீட் கனடாமி, 2018இல் தனக்கென ஆய்வு உத்தி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. இனுயிட் ஊர் ஒன்றுக்கான திட்டத்தில் “ஓகாப் பின்பற்றப்படும்” என்று எழுதுவது, யாரிடம் போகிறோம் என்று தெரியாமல் போவதைக் காட்டிக்கொடுத்துவிடும். முதற்குடிகளில் ஒன்றான அனிஷினாபே மூத்தவரிடம் அறிவுரை கேட்கும்போது புகையிலை கொடுப்பது முறை; இனுயிட் மூத்தவருக்கு அது பொருந்தாது.

5. ஊரின் நாட்காட்டியைக் கேட்டு அட்டவணை போடுதல்

பல்கலைக்கழகத்தின் பருவங்கள் வடக்கே எதையும் நிர்ணயிப்பதில்லை. வடக்கு ஒன்டாரியோவின் மூஸ் ஃபாக்டரி ஓர் ஆற்றுத் தீவு. கோடையில் படகிலும், குளிர் முற்றிய பிறகு ஆற்றின் பனிக்கட்டி மேல் சாலையிலும் செல்லலாம். ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் ஹெலிகாப்டர்தான். ஜேம்ஸ் விரிகுடாவைச் சுற்றியுள்ள கிரீ முதற்குடி ஊர்களில் வசந்த காலத்தில் வாத்து வேட்டைக்காகப் பள்ளிகளே மூடப்படும். குடும்பங்கள் முகாம்களுக்குச் சென்றுவிடும்.

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் மே மாதம் நேர்காணலுக்குப் புறப்படும் மாணவர், பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். எனவே வேட்டைக் காலங்கள், ஆறு உறையும் காலம், தேர்தல், மருத்துவர் விமானத்தில் வந்துபோகும் வாரங்கள் ஆகியவற்றை ஊரிலுள்ள ஒருவரிடம் கேட்டு முதலில் நாட்காட்டியில் குறித்து, மிச்சமுள்ள வெள்ளை இடங்களில் களப்பணியைப் பொருத்துங்கள். ஊரில் இறப்பு நேர்ந்தால் எல்லாம் நின்றுவிடும், நிற்கவும் வேண்டும். அதற்கென மாற்றுத் தேதி முன்பே இருக்கட்டும்.

6. முதல் பயணத்தில் தரவு சேகரிக்காதிருத்தல்

முதல் பயணத்தில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துச் செல்ல நான் அனுமதிப்பதில்லை. ஒரு வாரம் தங்கி, செவிலியர் நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட அளவில் அமர்ந்திருந்து, கடையில் பால் விலையைப் பார்த்து, கூட்டுறவு மண்டபத்தில் நடக்கும் விருந்துக்கு நாற்காலி அடுக்கிவிட்டு வரச் சொல்வேன்.

காரணம் இதுதான்: ஊர் முதலில் கேட்பது “நீ யார், எங்கிருந்து வருகிறாய், உன் பெற்றோர் யார்” என்று. ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இது புதிதன்று. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் பழகிய மாணவர்கள் துறையின் பெயரையும் ஆய்வின் தலைப்பையும் பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு மாணவர், தம் பாட்டி எந்த ஊரை விட்டு எப்படி வந்தார் என்று சொன்ன பிறகே, எதிரிலிருந்த முதியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

மாணவரின் நலத்தையும் கவனியுங்கள். செவிலியர் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் தற்கொலை முயற்சியையோ குழந்தையின் இறப்பையோ பார்க்க நேரிடலாம். நாள்தோறும் குறித்த நேரத்தில் தொலைபேசியில் பேசும் ஏற்பாடு இருக்க வேண்டும். அதைக் கண்காணிப்பு என்று மாணவர் எண்ணாதபடி முன்பே விளக்குங்கள்.

7. ஒப்புதல் பெறப் பழக்குதல்

படிவத்தை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவது ஒப்புதலின் மிகச் சிறிய பகுதி. மாணவர் விளக்கிய பின், எதிரிலிருப்பவர் தம் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சொற்களில் ‘பிறகு இந்தத் தகவல் எங்கே போகும்’ என்பதும் இருக்க வேண்டும். 1980களில் வான்கூவர் தீவின் நூ-சா-நுல்த் மக்களிடம் மூட்டுவாத ஆய்வுக்கென்று பெறப்பட்ட இரத்த மாதிரிகள், அவர்களுக்குத் தெரியாமலேயே வேறு மரபணு ஆய்வுகளுக்குப் பயன்படுத்தப்பட்டன. இன்றும் ஒரு மாணவர் படிவத்தை நீட்டும்போது, எதிரிலுள்ளவர் மனத்தில் ஓடுவது இத்தகைய அனுபவம்தான்.

ஆகவே இரண்டாம் பயன்பாட்டுக்கு, அதாவது பெற்ற தகவலை வேறோர் ஆய்வுக்குப் பயன்படுத்துவதற்கு, தனி வரியும் தனிக் கையொப்பமும் வையுங்கள். உறவினரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தாதீர்கள். சிற்றூரில் அது கடினம், ஆனால் மருமகளின் முன்னிலையில் தம் உடல்நிலையைச் சொல்லாத முதியவர் ‘ஒன்றுமில்லை’ என்பார், மாணவர் அதை விடையாகப் பதிவு செய்துவிடுவார்.

8. சிறிய எண்களைக் கையாளுதல்

400 பேர் வாழும் ஊரில் ‘50 வயதுக்கு மேற்பட்ட பெண், சிறுநீரகச் சுத்திகரிப்பு பெறுபவர்’ என்று எழுதினால் பெயரையே எழுதியது போலாகும். ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கையை அட்டவணையில் மறைப்பது பரவலான வழக்கம். மாணவர்கள் அந்தக் கட்டத்தை மறைத்துவிட்டு, வரிசையின் கூட்டுத்தொகையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கழித்துப் பார்த்தால் மறைத்த எண் வெளியே வந்துவிடும். ஒவ்வோர் அட்டவணையையும் வேறொருவர் கையில் கொடுத்து, “இதில் யாரையாவது கண்டுபிடிக்க முடிகிறதா” என்று முயலச் சொல்லுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் ஐந்தின் மடங்காக ஏற்றியோ இறக்கியோ வெளியிடப்படுகின்றன என்பதையும், 2021 கணக்கெடுப்பில் முதற்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளில் (ரிசர்வ்) 63 முழுமையாக எண்ணப்படவில்லை என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். சிற்றூரின் வீதத்தைத் தசமப் புள்ளியோடு எழுதுவதற்கு முன் இது நினைவுக்கு வரட்டும்.

9. ஊருக்குள் இருப்பவரை ஆய்வாளராக்குதல்

வெளியிலிருந்து வரும் மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். தங்கப்போகிறவர் ஊரிலுள்ள செவிலியரோ நலவாழ்வுப் பணியாளரோதான். ஒவ்வொரு திட்டத்திலும் அவர்களில் ஒருவருக்கு ஊதியத்துடன் கூடிய இடம் ஒதுக்குங்கள். ‘தன்னார்வலர்’ என்று எழுதாதீர்கள். நேர்காணல் எடுப்பதை மட்டும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் பகுப்பாய்வை நகரத்தில் வைத்துக்கொள்வது வழக்கமான தவறு. பகுப்பாய்வில்தான் பொருள் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே அவர் இருந்தாக வேண்டும்.

இருக்கும் இடத்திலேயே பயிற்றுவிக்க முடியும் என்பதற்கு வடகியூபெக்கின் புவிர்னிடுக் நல்ல சான்று. அங்கே 1986இல் தொடங்கிய மகப்பேறு நிலையத்தில் இனுயிட் பெண்கள் ஊரை விட்டுப் போகாமலேயே மருத்துவச்சிகளாகப் பயிற்சி பெற்றார்கள். மருத்துவப் படிப்பில் அதே நோக்கத்துடன் 2005இல் தண்டர் பேயிலும் சட்பரியிலுமாக வடக்கு ஒன்டாரியோ மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஆய்வுப் பயிற்சிக்கும் இதே முறையைக் கைக்கொள்ளலாம்: வாரத்துக்கு ஒரு பிற்பகல், அவருடைய பணி நேரத்துக்குள், அவருடைய நிலையத்தின் பதிவேட்டையே பாடமாக வைத்து. இணைய இணைப்பு அறுந்துபோகும் நாளுக்கென அச்சிட்ட பாடம் ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவையுங்கள்.

10. முடிவுகளை முதலில் ஊருக்குச் சொல்லுதல்

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன், கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்கு முன், ஊருக்குச் சென்று சொல்ல வேண்டும். தேர்வுக்குப் பின் சென்றால், ஊர் சுட்டிக்காட்டும் பிழையைத் திருத்த வழியில்லை. இரண்டு பக்கச் சுருக்கம், உள்ளூர் மொழியில் வானொலிப் பேச்சு, ஊர்க்குழு முன் அரை மணி நேரம் ஆகிய மூன்றும் போதும். முப்பது படங்கள் கொண்ட திரைக்காட்சி வேண்டாம்.

முடிவின் பொருளில் ஊரும் மாணவரும் உடன்படாமல் போகலாம். அப்போது என்ன செய்வது என்பது முதல் ஆண்டிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்புக் கருத்தையும் அருகருகே வெளியிடுவது நான் ஏற்கும் வழி.

கடைசியாகத் தரவு ஒப்படைப்பு. கோப்புகள், மாறிகளின் விளக்கம், ஒப்புதல் படிவங்கள், கடவுச்சொல் ஆகியவற்றை ஊர் குறிப்பிடும் நபரிடம் மாணவர் நேரில் கொடுத்து, அவர் தம் கணினியில் திறந்து பார்த்த பிறகு, மடிக்கணினியில் உள்ள பிரதியை உடன்படிக்கை சொல்வதுபோல் அழிக்கவோ வைத்துக்கொள்ளவோ வேண்டும். திறக்காத கோப்பை விட்டுவிட்டு விமானம் ஏறிய மாணவர் ஒருவருக்காக, எட்டு மாதம் கழித்து நான் மீண்டும் போக வேண்டியிருந்தது.